நுரை ஆறுவதற்குள்

நுரை ஆறிக்கொண்டிருந்தது. பிரஷ்ஷால் தடவியபோது கெட்டியாக நின்றது, இப்போது காதோரத்தில் சின்னச் சின்னக் குமிழாக உடைந்து தோல் தெரிய ஆரம்பித்துவிட்டது, இனியும் தாமதித்தால் மறுபடி வெந்நீர் வைக்க வேண்டும், மறுபடி துண்டை முக்கிப் பிழிந்து முகத்தில் போட வேண்டும், மறுபடி கிண்ணத்துச் சோப்பில் பிரஷ்ஷைச் சுற்ற வேண்டும், அதற்குள் அவர் களைத்துப்போய்த் தலையைத் தொங்கவிட்டுவிடுவார், வை, கத்தியை வை என்று தெய்வானை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், கைதான் கேட்கவில்லை. ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகுக்குத் தலையணை கொடுத்து, கழுத்தைச் சுற்றிப் பழைய வேட்டியைக் கட்டி அருணகிரியை உட்கார வைத்திருந்தாள். வெயில் அவர் முகத்தில் பாதியில் விழுந்திருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை, கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கத்தி. கைப்பிடிக்குள் மடங்கி உட்காரும் நீளச் சவரக் கத்தி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பார்த்து வருவது, தொட்டதில்லை. அலமாரியின் மேல்தட்டில் தோல் வாரோடு சேர்த்து வைத்திருப்பார், குழந்தை கையில் படக்கூடாது என்பார், சுகந்தி வளர்ந்து கல்யாணமாகி ஓசூருக்குப் போன பிறகும் மேல்தட்டில்தான் வைத்தார், அப்படியானால் யார் கையில் படக்கூடாது என்று வைத்தார்? பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு போன பிறகு சலூன்காரரைத்தான் வீட்டுக்கு வரச் சொன்னாள். நல்ல மனுஷர். பாதிச் சவரத்தில் கோணிப்போன வாயிலிருந்து எச்சில் ஒழுகி அவர் விரலில் இறங்கியது, "பரவாயில்ல சார், இதுல என்ன இருக்கு" என்று துடைத்துவிட்டுத் தொடர்ந்தார். அவர் போன பிறகு அருணகிரி அழுதார், சத்தமே இல்லாமல், ஒரு கண்ணில் மட்டும் அதிகமாகத் தண்ணீர் வந்தது. அடுத்த முறை சலூன்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், எவ்வளவு சொல்லியும் திரும்பவில்லை. சுகந்தி பேட்டரியில் ஓடும் மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பினாள், அதை இடது கையால் தட்டிவிட்டார், தரையில் விழுந்து ஈ மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டே கட்டிலுக்கடியில் போனது. அந்த இடது கையைத்தான் பிறகு அலமாரியின் மேல்தட்டுக்கு நீட்டினார். கத்தியா, கத்தி வேணுமா, யார் போடுவா, நானா? "இருக்கட்டும்" என்றார். அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு சொல்தான். சாப்பிடுறீங்களா என்றாலும் இருக்கட்டும், காத்தாடி போடவா என்றாலும் இருக்கட்டும், வலிக்குதா என்றாலும் இருக்கட்டும். அது வாய் தானாகச் சொல்வதும்மா, அர்த்தம் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அர்த்தம் வைக்காமல் ஒரு சொல்லை எப்படிக் கேட்பது?

வைத்துவிட்டாள். வலது காதுக்குப் பக்கத்தில், கிருதா முடியும் இடத்தில். செல்போன் வீடியோவில் ஒரு பையன் சொன்னது போல, கத்தியின் முதுகை ஒரு விரல் கனத்துக்கு மட்டும் தூக்கி, இடது கைக் கட்டைவிரலால் தோலை மேல்பக்கமாக இழுத்துப் பிடித்து, அழுத்தாமல், கத்தியின் கனமே வேலையைப் பார்க்கும்படி விட்டு. சரக் என்றது. சட்டியின் அடியில் காய்ந்துபோன சோற்றைச் சுரண்டுகிற சத்தம். ஒரு வெள்ளைப் பட்டை நுரை கத்தியில் ஏறி வர, அதன் கீழே தோல் தெரிந்தது, புதுத்தோல் மாதிரி, இவருக்கு இவ்வளவு சிவப்பா முகம், இதற்கு முன் எப்போது இவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன், பார்த்திருக்கிறேனா? முதலில் பலூனில் பழகினாள். எதிர்வீட்டுப் பாப்பாவின் பிறந்தநாளுக்குக் கட்டியிருந்ததில் ஒன்றை வாங்கி வந்து, நுரை தடவி, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தியை வைத்தாள். வெடித்தது. நுரை சுவரெல்லாம், காலண்டரில், அவள் மூக்கில். அருணகிரி சிரித்தார். பாதி வாயால், கோணலாக, குழந்தை விக்குவது போல ஒரு சத்தத்தோடு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவை. அவளும் சிரித்தாள், இருவரும் சேர்ந்து சிரிப்பது எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்று யோசித்தவுடன் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு தன் முன்கையில் பழகினாள், வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, இப்போதும் அங்கே மழமழவென்று இருக்கிறது, புடவைத் தலைப்பு உரசினால் யாருடைய கையோ என்று தோன்றுகிறது. வாரில் கத்தியைத் தீட்டவும் கற்றுக்கொண்டாள், முதுகு முன்னே போக வேண்டும், திருப்பும்போது முதுகின் மேலேயே புரள வேண்டும், வெட்டும் வாய் முன்னே போனால் வாரின் தோலும் போச்சு, கூரும் போச்சு. வலது கன்னத்திலிருந்து ஆரம்பித்ததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பக்கம் அவருக்கு உணர்ச்சி இல்லை. வெட்டினாலும் தெரியாது. அதனால்தான் அங்கே ஆரம்பித்தோம் என்று நினைத்தாள், தெரியாத இடத்தில் கை வைக்கிறோமே, தூங்குகிறவர் சட்டைப்பையில் கை விடுவது போல. சரக். தோல் தொளதொளவென்று தொங்கியது, இழுத்தால் இழுத்த பக்கம் வந்தது, எலும்பைத் தேடி அதன் மேல் நிறுத்தி வழித்தாள். சரக். கத்தியைத் துண்டில் துடைத்தாள். தாடைக்குக் கீழே கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது, நுரைக்கு மேலேயே தெரிந்தது, ஏறி இறங்கி ஏறி இறங்கி. ஒரு இழுப்பு. அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வாசலில் யாரோ எட்டிப்பார்த்துவிட்டுப் போவது போல வந்தது. ஒரே ஒரு இழுப்பு. சீ. கத்தியைச் சட்டென்று விலக்கிக்கொண்டாள். அவர் கண்கள் கத்தியோடே விலகின. மேலே போனால் மேலே, கீழே போனால் கீழே. கழுத்து விறைத்து, இடது கை நாற்காலியின் கையைப் பிடித்திருந்த பிடியில் விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. பயப்படுகிறார். புதுசாகப் பழகுகிறவள் கை என்பதால் பயமா, என் கை என்பதால் பயமா? இவருக்குத் தெரியும். நான் மறக்கவில்லை என்பது இவருக்குத் தெரியும், ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றாலும் தெரியும், சொல்லாமல் இருந்ததாலேயே தெரியும்.

வலது பக்கம் முடிந்தது. இடது பக்கத்து நுரையை மறுபடி பிரஷ்ஷால் எழுப்பினாள், பொட்டென்று ஒரு துளி வேட்டியில் விழுந்தது, இப்படித்தான், இப்படியே பாதி முகம் நுரையும் பாதி முகம் தோலுமாகத்தான் அன்றைக்கும் மாடிப்படி இறங்கி வந்தார். வேண்டாம், இப்போது அதை நினைக்காதே, கையைப் பார். பொன்மலையில் வாடகை வீடு, இவர் ரயில்வே பட்டறையில் கடைசல் மெஷினில் வேலை பார்த்த காலம், வீட்டில் போன் கிடையாது, மாடியில் குடியிருந்த டீச்சரம்மா வீட்டு நம்பரைத்தான் ஊருக்குக் கொடுத்திருந்தார்கள். "அருணகிரி சார், உங்களுக்குப் போன்" என்று டீச்சரம்மா மேலிருந்து கூப்பிட்டது அடுப்படியில் இருந்தவளுக்குக் கேட்டது. இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். முற்றத்துக் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தவர் தோளில் துண்டோடு அப்படியே மேலே போனார், கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தார். "யாருங்க போன்ல?" என்றாள். "அப்புறம் சொல்றேன்" என்றார். கண்ணாடி முன்னால் போய் நின்றார். மிச்ச முகத்தை வழித்தார். முதுகைத்தான் பார்த்தாள் அவள், வெள்ளைப் பனியன், கழுத்தில் ஒரு தாயத்துக் கயிறு, முழங்கை மட்டும் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இட்லி வெந்து, ஆறி, தட்டிலிருந்து எடுத்து, சுகந்திக்கு டிபன் டப்பாவில் அடைத்து, அவளுக்குத் தலை பின்னி, அதுவரை முழங்கை ஏறி இறங்கியது. கத்தியைக் கழுவினார், துடைத்தார், மடித்தார், மேல்தட்டில் வைத்தார். பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்று, "உங்கம்மாவுக்கு முடியலையாம். கெளம்பு, ஊருக்குப் போகணும்" என்றார். பஸ் ஸ்டாண்டில் அவர்கள் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பட்டுக்கோட்டை வண்டி வளைந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. ஓடினார், பின்னால் தட்டினார், நிற்கவில்லை. அடுத்த வண்டி எப்போதோ வந்தது, தஞ்சாவூரில் மாற வேண்டியிருந்தது, வழியில் எங்கோ ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்ததைத் தெருமுனையிலேயே பார்த்துவிட்டாள். அண்ணன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் தெய்வானை, இப்பத்தான். ஒன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு" என்றான். அம்மாவின் கால் சூடாக இருந்தது. அந்தச் சூடு. எல்லாம் முடிந்து திருச்சிக்குத் திரும்பிய பிறகு ஒரு தடவை, ஒரே தடவை கேட்டாள். "ஏங்க, போன் வந்த ஒடனே சொல்லியிருக்கலாம்ல?" சுவரைப் பார்த்துக்கொண்டு, "அரைகுறையா எப்படிக் கெளம்புறது?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டில் சண்டையே கிடையாது. என்ன பொருத்தமான ஜோடி என்று டீச்சரம்மா சொல்வார். சோறு வைத்தாள், சட்டைக்குப் பித்தான் தைத்தாள், காய்ச்சலில் கஞ்சி கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், கேட்காததைச் சொல்லவில்லை. ராத்திரி திரும்பிப் படுத்தாள். தினமும் காலையில் அந்த முழங்கை ஏறி இறங்குவதை அடுப்படியிலிருந்து பார்த்தாள், எவ்வளவு நிதானம், எவ்வளவு நிதானமான மனுஷன், பெற்றவள் உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது ஒரு முடி விடாமல் வழித்துவிட்டு வந்த மனுஷன்.

கத்தி கடித்தது. கடித்த பிறகுதான் கை நடுங்கியது தெரிந்தது. இடது தாடை வளைகிற இடம், உணர்ச்சி உள்ள பக்கம், "ஸ்" என்றார் அருணகிரி, தோள் குலுங்கியது. வெள்ளை நுரையில் ஒரு புள்ளி ரோஸாக மலர்ந்து, விரிந்து, சிவப்பாகிக் கீழே இறங்கியது. "ஐயோ, ஐயோ, இருங்க, அசையாதீங்க, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லங்க" என்று படிகாரக் கட்டியைத் தேடினாள், அது கண்ணெதிரிலேயே இருந்தது, நனைத்து அழுத்தினாள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ரத்தம் நிற்கிற மாதிரி நின்றது, எடுத்தால் மறுபடி ஒரு முத்து. பேப்பர். ஒரு துண்டுப் பேப்பரைக் கிழித்து ஒட்டினால் நிற்கும், இவர் அப்படித்தான், எப்போது, இவர் எப்போது அப்படிச் செய்தார், இவர்தான் வெட்டிக்கொண்டதே கிடையாதே. தெய்வானையின் கை படிகாரத்தோடு அவர் கன்னத்தில் அப்படியே நின்றது. பஸ்ஸில். தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள், பக்கத்தில் அவர், அவள் திரும்பியபோதெல்லாம் அவர் கன்னத்தில் பேப்பர்த் துண்டுகள் தெரிந்தன, ஒன்று தாடையில், ஒன்று மீசைக்குப் பக்கத்தில், ஒன்று கழுத்தில், ஒவ்வொன்றின் நடுவிலும் காய்ந்த ரத்தம், செய்தித்தாளின் எழுத்துக்கூடத் தெரிந்தது. பேப்பர் கிழித்து ஒட்டவும் நேரம் இருந்திருக்கிறது பார் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தனை வருஷமும் அந்தப் பேப்பர்த் துண்டுகளை அப்படியே வைத்திருந்தாள், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. வெட்டு. மூன்று வெட்டு. இரும்பில் முடியளவு கூடியிருந்தாலும் விரலால் தடவியே சொல்லிவிடுகிறவர் என்று பட்டறையில் பேசிக்கொள்வார்களே, அந்தக் கை. ஓடும் ரயிலில் அவர் நின்றுகொண்டே சவரம் செய்வதைப் பார்த்திருக்கிறாள், ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தக் கைக்கு அன்றைக்கு மூன்று வெட்டு. இந்தக் கத்தி சும்மா வெட்டாது, அது இப்போது அவளுக்குத் தெரியும், பலூனில் தெரியாது, முன்கையில் தெரியாது, இன்றைக்குத் தெரியும், கை நடுங்கினால்தான் வெட்டும். நடுங்கியிருக்கிறது. போனில் அண்ணன் என்ன சொன்னானோ, எப்படிச் சொன்னானோ, படி இறங்கும்போதே நடுங்கியிருக்கும், அந்தக் கையோடு என்னிடம் சொல்லத் தெரியாமல் கண்ணாடிக்குப் போய் நின்றிருக்கிறார், கை அடங்கட்டும் என்று, அடங்கவில்லை, வெட்டு, பேப்பர், மறுபடி வெட்டு, மறுபடி பேப்பர். அதனால்தான் அவ்வளவு நேரம். நான் முதுகைத்தான் பார்த்தேன். முழங்கை மெதுவாகத்தான் ஏறி இறங்கியது, நிதானத்தால் மெதுவா, பயத்தால் மெதுவா, பின்னாலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. இல்லை, இப்படியெல்லாம் நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனோ, அன்றைக்குக் கத்தி மழுங்கியிருக்கலாம், அவசரத்தில் வெட்டியிருக்கலாம். அவசரப்பட்டாரா? அப்படியானால் அந்த அவசரமாவது அவருக்கு இருந்ததா? நடுங்கியது என்றே வைத்துக்கொண்டாலும் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது கிடந்ததுதான், அந்த பஸ் வளைந்து போனது போனதுதான், அது இனி யார் கை நடுங்கியும் திரும்பாது. ஆனால் அந்த நிதானமான மனுஷன்? அவனுக்குத்தானே சோறு வைத்தேன், அவனுக்குத்தானே முதுகைக் காட்டிப் படுத்தேன். அப்படி ஒருவன் வீட்டில் இருக்கவே இல்லையா? அப்படியானால் பக்கத்தில் படுத்திருந்தவர் யார்? அவரிடம் நான் ஒரு நாளாவது பேசியிருக்கிறேனா?

"ஏங்க" என்றாள். அவர் கண்ணைத் திறந்தார். "அன்னைக்கு, எங்கம்மா செத்த அன்னைக்கு, உங்க கை நடுங்குச்சா?" கேட்டுவிட்டாள். வெளியே தெருவில் யாரோ குடத்தை இறக்கி வைக்கும் சத்தம். அவர் வாய் அசைந்தது, நுரை ஒட்டியிருந்த உதடு ஒரு பக்கமாக இழுத்தது, ஏதோ வருகிறது, பெரிதாக ஏதோ உள்ளேயிருந்து ஏறி வருகிறது, நெற்றியில் நரம்பு புடைத்தது, தெய்வானை முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். "இருக்கட்டும்" என்றார். அதைச் சொல்லிவிட்டு, தான் சொல்ல வந்தது அது இல்லை என்பது போல, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், மறுபடி வாயைத் திறந்தார், மறுபடி "இருக்கட்டும்", "இருக்கட்டும்", ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு குரலில், ஒன்று கெஞ்சுவது போல, ஒன்று கோபம் போல, கடைசியில் அது வெறும் காற்றாகிவிட்டது. ஆம் என்றாரா, இல்லை என்றாரா, இப்போது எதற்கடி அது என்றாரா. பேச வாய் இருந்த காலத்தில் கேட்டிருக்கலாம். கேட்டேன், ஒரு தடவை கேட்டேன். இரண்டாவது தடவை கேட்டிருக்கலாம். ஆம்பிளை, கை நடுங்கிச்சு என்று சொல்லியிருக்கமாட்டார், இரண்டாவது தடவையும் சொல்லியிருக்கமாட்டார், சவரத்துக்காக நின்றவன் என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை என்று இருந்திருப்பார். கத்தியைப் பிடித்திருந்த கை நிற்காமல் ஆடியது. அதை வேட்டியில் துடைத்தாள், மறுபடி எடுத்தாள், மறுபடி ஆடியது. கழுத்து மட்டும்தான் பாக்கி. அப்போது அவருடைய இடது கை நாற்காலியை விட்டு எழுந்தது. கத்தி பிடித்த அவள் மணிக்கட்டைப் பிடித்தது. தடுக்கிறார், இனிமேல் வேண்டாம் என்கிறார், பயந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள், கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். விடவில்லை. அழுத்தவும் இல்லை. வளையல் இல்லாத அந்த மணிக்கட்டைச் சுற்றி அவர் விரல்கள் சும்மா இருந்தன, ஆடிக்கொண்டிருக்கும் தராசுத் தட்டை நிற்பதற்காகத் தொடுவது போல. அவள் நாடி அவர் விரலுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, எப்போது என்று தெரியாமல், நடுக்கம் குறைந்தது. பிறகு அவர் கையை எடுத்துக்கொண்டார், மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். மோவாயைத் தானே தூக்கி, கழுத்தை நீட்டிக் காட்டினார்.

தெய்வானைக்குக் கண்ணில் எதுவும் தெரியவில்லை. நுரை, வெயில், கழுத்து எல்லாம் ஒன்றாகக் கலங்கிக் கிடந்தது, இந்தக் கண்ணோடு கத்தி வைக்கக் கூடாது. "இன்னைக்கு இது போதுங்க" என்றாள், அவருக்குக் கேட்டதோ என்னவோ. வெந்நீர்த் துண்டை எடுத்துக் கழுத்து நுரையைத் துடைத்தாள், அடியில் வெள்ளை முள்முடி அப்படியே இருந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தண்ணீர் சத்தத்தில் அழுதாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்காகவா, இவருக்காகவா, திரும்பிப் படுத்த ராத்திரிகளுக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கழுவினாள், ஈரம் போகத் துடைத்தாள், மடித்தாள். திரும்பி வந்தபோது அவர் கண்ணைத் திறக்காமல் இன்னும் அப்படியே கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வெயில் முழுதாக அந்தக் கழுத்தில் விழுந்திருந்தது. அவள் பக்கத்தில் போய் நின்றாள். மோவாய்க்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து, தலையை மெல்லக் கீழே இறக்கிவிட்டாள். கனமாக இருந்தது. கையை எடுக்காமல் நின்றாள்.